பளபளக்கும் ஹெட்டை நம்பாதீர்கள்

பழைய சிலிண்டர் ஹெட் வாங்கப் போகிறவருக்குப் பணம் மட்டும் போதாது. ஒரு டார்ச்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வேண்டும்

கண்டாலா மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிடுகிறது ஒரு பழைய வாடகைக் கார். ஹெட் விரிந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. வண்டி ஓடாத ஒவ்வொரு நாளும் நஷ்டம். உரிமையாளர் புனேயில் பழைய உதிரிபாகக் கடைகளைத் தேடிப் புறப்படுகிறார்.

தேடினால் கிடைக்கும் ஊர்தான். 1946இல் கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் நிறுவப்பட்ட நகரம் இது. பக்கத்து அகுர்டியில் பஜாஜ், பிம்ப்ரியில் அன்றைய டெல்கோ, இன்றைய டாடா மோட்டார்ஸ். புதனும் ஞாயிறும் கூடும் சந்தையாகப் பெயர் பெற்ற ஜூனா பஜாரில் பழைய நாணயங்களுக்கும் பித்தளைப் பாத்திரங்களுக்கும் நடுவே இரும்புச் சாமான்களும் விலைபோயின.

பழைய ஹெட்டைப் பார்த்ததும் எழ வேண்டிய முதல் கேள்வி: இது ஏன் கழற்றப்பட்டது? விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து வந்திருந்தால் அதிர்ஷ்டம். கொதித்துப்போன என்ஜினிலிருந்து வந்திருந்தால், ஒருவரின் தலைவலியை இன்னொருவர் விலைக்கு வாங்குகிறார். இதற்கான பதிலை விற்பவரிடம் எதிர்பார்க்க வேண்டாம்; ஹெட்டிலேயே தேடலாம். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்த ஹெட் தன் கதையைச் சொல்லிவிடும். புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளக்கும் ஹெட்டில் அந்தத் தடயங்கள் அழிந்திருக்கும்.

முதலில் வார்ப்பிலுள்ள எண்ணைப் பழைய ஹெட்டோடு ஒப்பிட வேண்டும். அடுத்து சமதளம். நேரான எஃகுப் பட்டையை நீளம், அகலம், இரு மூலைவாட்டம் எனப் பல திசைகளில் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பல கார் என்ஜின்களில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் பருமன். இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவது அலுமினியம். அளவு மீறிச் சூடானால் அது வளைவதில் வியப்பில்லை.

வால்வ் சீட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஹெட்டைக் கவிழ்த்து, ஸ்பார்க் பிளக்கைப் பொருத்தி, மூடிய வால்வுகளின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். போர்ட் வழியாகக் கசிந்தால் வால்வோ சீட்டோ தேய்ந்திருக்கிறது. வால்வைச் சற்றே தூக்கி ஆட்டினால் கைடின் தேய்மானம் கையிலேயே தெரியும். பிளக் மரையையும், தண்ணீர் ஓட்டைகளின் ஓரம் அரித்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

“ஃபேசிங் செய்தாயிற்று” என்று விற்பவர் சொன்னால் நிம்மதி அடைய வேண்டாம்; ஹெட்டின் உயரத்தை அளந்து பாருங்கள். அடிக்கடி சீவப்பட்ட ஹெட்டில் கம்ப்ரஷன் கூடி என்ஜின் தட்டும். டீசல் என்ஜினில் வால்வ் பிஸ்டனிலேயே இடிக்கலாம். கேம் ஷாஃப்ட் மேலே இருக்கும் வகையில் இன்னொரு சிக்கல் உண்டு: அடிப்பக்கத்தைச் சீவினாலும் மேலே ஷாஃப்ட் அமரும் துளைகளின் வளைவு நிமிராது. வால்வுகளைக் கழற்றிய பின் ஷாஃப்ட் கையால் தடையின்றிச் சுழல வேண்டும்.

பழைய டூ-ஸ்ட்ரோக் சேத்தக் வைத்திருப்பவருக்குப் பாடு குறைவு. அதன் ஹெட்டில் வால்வே கிடையாது. சமதளம், பிளக் மரை, உடைந்த ஃபின் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். 2020இல் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பிய சேத்தக்குக்கோ ஹெட்டே கிடையாது!

சூடானால் மட்டும் வாய் திறக்கும் விரிசல்களும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்கப் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும்: தண்ணீர் வழிகளை அடைத்து, காற்றை ஏற்றி, ஹெட்டை வெந்நீரில் அமிழ்த்துவார்கள். குமிழி வந்தால் ஹெட் உதவாது. ஆகவே பணத்தைக் கொடுக்கும் முன், ‘டெஸ்டில் தேறாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் மேற்கொண்டு பேரம் பேச வேண்டியதில்லை.