கிழங்கு மாறவில்லை, வெயில்தான் மாறியது



சென்ற ஏப்ரலில் நீலகிரியில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்புப் பணத்தை எண்ணி முடிப்பதற்குள் சண்டை. குழுக் கடனில் ஒரே பெட்டி லில்லிக் கிழங்கு வாங்கி, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து நட்டிருந்தார்கள். ஊக்குநரின் பசுமைக்குடிலில் பூ நல்ல அடர் சிவப்பு. இன்னொரு உறுப்பினரின் குடிலில் அதே பூ வெளிறிப்போன ரோஸ். வியாபாரி பாதி விலைதான் தருவேன் என்றிருக்கிறார். "நல்ல கிழங்கையெல்லாம் அக்கா தனக்கு எடுத்துக்கிட்டாங்க" என்று பேச்சு. ஊக்குநர் அழுதுவிட்டார். பொறுப்பே வேண்டாம் என்று நோட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டார்.

இரண்டு குடிலையும் நேரில் பார்த்தோம். வெளுத்த குடிலின் ஓரத்தில் ஒரு வரிசை ஆரஞ்சு லில்லி இருந்தது. அதில் நிறம் கொஞ்சமும் குறையவில்லை. விஷயம் பிடிபட்டது அங்கேதான்.

லில்லிப் பூவில் இரண்டு வகைச் சாயம் உண்டு. மஞ்சளும் ஆரஞ்சும் கேரட்டில் இருக்கும் சாயத்தின் வகை. அது வெயிலுக்கு அவ்வளவாக அசையாது. சிவப்பும் ரோஸும் ஆந்தோசயனின் என்ற வேறு சாயம். மொட்டு பெரிதாகும் கடைசி நாட்களில்தான் செடி இதை அதிகமாகத் தயாரிக்கிறது. அந்த நேரம் பார்த்துச் சூடு ஏறினால் தயாரிப்பு குறையும், இருப்பதும் சிதையும்.

ராத்திரிச் சூடு இன்னும் மோசம். பகலில் இலை வெளிச்சத்தில் சம்பாதிக்கும் சர்க்கரை வரவு. ராத்திரி செடி மூச்சுவிடுவது செலவு. ராத்திரி சூடாக இருந்தால் செலவு கூடும், சாயத்துக்கு மிச்சம் இருக்காது. நம்ம வீட்டுக் கணக்கு மாதிரிதான்.

ஊக்குநரின் குடில் ஓடைப் பக்கம், பக்கத் திரையைச் சுருட்டிக் காற்று விட்டிருந்தார். மற்றவர் பனிக்குப் பயந்து ஜனவரியில் மூடிய திரையை ஏப்ரலிலும் திறக்கவில்லை. மத்தியானம் உள்ளே நிற்கவே முடியவில்லை.

அவர் சும்மாவும் இருக்கவில்லை. ஹைட்ரேஞ்சியா பூ புளிப்பு மண்ணில் நீலமாகவும் சுண்ணாம்பு மண்ணில் ரோஸாகவும் பூப்பதைப் பார்த்து, லில்லிக்கும் சுண்ணாம்பு போட்டிருக்கிறார்! அந்த வித்தை ஹைட்ரேஞ்சியாவுக்குத்தான். புளிப்பு மண்ணில் கரையும் அலுமினியத்தை அது உறிஞ்சி நீலமாகிறது. லில்லிக்குச் சுண்ணாம்பு அதிகமானால் இரும்புச்சத்து கிடைக்காமல் இலைதான் மஞ்சளாகும்.

வெயில் காலத்தில் காலையிலேயே திரையைச் சுருட்டி விடுங்கள். நிழல்வலை உச்சி வெயில் நேரத்துக்கு மட்டும் போதும். நாள் முழுக்க இருட்டடித்தால் அதனாலும் நிறம் வெளுக்கும், மொட்டும் உதிரும். தண்ணீர் விடியற்காலையில். அடி மொட்டில் நிறம் தெரிந்த பிறகே வெட்டுங்கள். முழுப் பச்சையாக வெட்டினால் வாளியில் வைத்தாலும் நிறம் சரியாக ஏறாது. கூடுமானவரை மொட்டு நிறம் பிடிக்கும் நாட்கள் ஏப்ரல், மே மாதத்தில் விழாதபடி நடுங்கள். நட்டதிலிருந்து பூ வெட்ட ஏறக்குறைய மூன்று மாதம் என்று கணக்கு வையுங்கள்.

கிழங்கே மாறிப்போவதும் நடக்கக்கூடியதுதான். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் வந்தாலோ, இதழின் வடிவமே வேறாக இருந்தாலோ வியாபாரியைக் கேளுங்கள். நிறம் கோடு கோடாக உடைந்து இலையும் முறுக்கினால் அது பெரும்பாலும் வைரஸ் நோய். அசுவினிப் பூச்சி பரப்பும். செடியைக் கிழங்கோடு எடுத்து எரித்துவிடுங்கள். ஒரே பூ, சாயம் மட்டும் மங்கல் என்றால் செடியைப் பிடுங்க வேண்டாம்.

அந்த உறுப்பினரும் பிடுங்கவில்லை. திரையைத் திறந்து வைத்தார். தாமதமாக முளைத்த சில செடிகள் ஜூன் மழையில் மொட்டுவிட்டன. பூத்த அன்று ஒரு தண்டை வெட்டிக்கொண்டு நேராக ஊக்குநர் வீட்டுக்குப் போனாராம். "இந்தாங்கக்கா, உங்க சிவப்பு" என்று கொடுத்திருக்கிறார். அடுத்த வாரக் கூட்டத்தில் நோட்டு பழையபடி ஊக்குநர் கையில் இருந்தது.