பந்தயத்தில் ஜயிப்பவர் யார்?

நெய்வேலியில் என் வகுப்பில் நிகழ்தகவுக் கணக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "ஸார், பந்தயத்தில் யார்தான் ஜயிக்கிறார்கள்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்!

1926-ஆம் வருஷம் இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகரில் நாய்ப் பந்தயம் தொடங்கிற்று. இயந்திர முயலை வேட்டை நாய்கள் துரத்தும். நாய்களின் மேல் ஜனங்கள் பணம் கட்டுவார்கள். நம் கிண்டி பெயர் பெற்றது குதிரைகளால். ஆனால் 'டோட்' என்னும் பந்தயக் கணக்குக்கு நாயும் ஒன்றுதான், குதிரையும் ஒன்றுதான்.

கட்டிய பணமெல்லாம் ஒரு குடத்தில் விழுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 ரூபாய். வரிக்கும் நிர்வாகத்துக்குமாக, உதாரணத்துக்கு, 200 ரூபாயை முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் 800. ஜயித்த குதிரையின் மேல் 400 ரூபாய் கட்டப்பட்டிருந்தால் 10 ரூபாய்ச் சீட்டுக்கு 20 ரூபாய். 40 ரூபாய்தான் என்றால் 200 ரூபாய். அஃதாவது, ஜயித்தவனுக்குக் கொடுப்பவன் கிளப்காரன் அல்லன். பக்கத்தில் கை பிசைந்து நிற்கும் தோற்றவன். எந்தக் குதிரை வந்தாலும் அந்த 200 மட்டும் திரும்புவதில்லை.

1974-ல் தமிழக ஸர்க்கார் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996-ல் உச்ச நீதிமன்றமோ, அது திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் அன்று என்று தீர்ப்பளித்தது. குதிரைகளின் வம்சாவளியைத் தலைகீழாக ஒப்பிக்கும் என் பெரியப்பாவுக்கு ஆனந்தம் சொல்லி முடியாது. அவரிடம் திறமை இருந்தது வாஸ்தவம். பெரியம்மாவின் இரட்டைவடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனதும் வாஸ்தவம்.

பையனைக் கரும்பலகைக்கு அழைத்தேன். கூட்டம் முழுவதும் கிடைத்ததையெல்லாம் திரும்பத் திரும்பக் கட்டினால்? 800, 640, 512 என்று எழுதிக்கொண்டே போனான். ஐந்தாம் பந்தயம் முடிகையில் ஆயிரத்தில் 328 ரூபாய்கூட மிஞ்சவில்லை.