கிளாரிந்தா பெற்ற ஞானஸ்நானம்

பாளையங்கோட்டையில் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று ஊரார் அழைக்கும் சிறிய ஆலயம் ஒன்று இருக்கிறது. 1785-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்த ஆலயம் அது. அதை முன்னின்று கட்டியவர் கிளாரிந்தா. நெல்லைச் சீமையின் சீர்திருத்தத் திருச்சபை வரலாற்றை அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமணப் பெண் அவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பிறகு லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தார். கிறிஸ்துவைப் பற்றி அவருக்கு முதலில் சொன்னவரும் அந்த அதிகாரியே. கிளாரிந்தா விரும்பி ஞானஸ்நானம் கேட்டார். முறைப்படி மணமாகாமல் இருவரும் சேர்ந்து வாழ்ந்ததால் சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். லிட்டில்டன் காலமான பின், 1778-ல், பாளையங்கோட்டைக்கு வந்தபோதுதான் சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

தேடி வந்தவரை இப்படி நிறுத்திவைக்கலாமா என்று இன்று நமக்கு மனம் வலிக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரிக்கு வழியோரத் தண்ணீரிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார் பிலிப்பு. ஆனால் அதற்கு முன், ரதத்தில் கூடவே உட்கார்ந்து வேதத்தை விளக்கினார். ஆகவே காலம் கூடலாம், குறையலாம். உபதேசமும் உளமார்ந்த சம்மதமும் குறையவே கூடாது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் பெறும் அந்த முழுக்கு, பழைய வாழ்வுக்கு மரித்து கிறிஸ்துவோடு எழுவதற்கு அடையாளம். ஆயுள் முழுவதற்குமான உடன்படிக்கையை ஆள்கணக்குக்காக அவசரப்படுத்துவது பாவம். ஆசை காட்டி இழுப்பது அதைவிடப் பெரிய பாவம்.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு கிளாரிந்தா ஒதுங்கி இருந்துவிடவில்லை. 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் ஏறக்குறைய 40 பெயர்கள். முதல் பெயர் அவருடையது. அடுத்தடுத்த வரிகளில் வெவ்வேறு சாதியார். தீட்டு பார்த்த அந்தக் காலத்தில், ஒரு பிராமணப் பெண் அவர்களோடு ஒரே சபையாக ஆராதனையில் அமர்ந்ததே பெரிய சாட்சி. அந்தச் சபையைப் பராமரிக்க உபதேசியாராக வந்த சத்தியநாதன் 1790-ல் குருப்பட்டம் பெற்றார். அவருக்குத் துணையாக வந்தவர் சாத்தான்குளம் பக்கத்தைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம். 1799-ல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உருவானது அவருடைய முயற்சியால்.

சுவிசேஷம் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. ஒருவர் சொன்னார், கேட்டவர் வாழ்ந்து காட்டினார், பார்த்தவர்கள் தேடி வந்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் இதில் பங்குண்டு. போதகர் பார்த்துக்கொள்வார் என்று நாம் விட்டுவிடலாகாது. பக்கத்து வீட்டில் துக்கம் நேர்ந்தால் முதலில் போய் நிற்போம். நம் நம்பிக்கையைப் பற்றி யாராவது கேட்டால், சாந்தமாக, கூச்சப்படாமல் சொல்வோம். ஏற்பதும் மறுப்பதும் அவருடைய சுதந்திரம். அன்போடு சொல்வது நம் கடமை.