தனியாகத் தொழில் செய்கிறீர்களா? பாவு நீட்ட நாலு பேர் வேண்டும்!

ஆரி ஒர்க் பிளவுஸ் போட்டுக் கொடுக்கிறீர்களா? பட்டு நூல் சுற்றி வளையல் செய்கிறீர்களா? புடவைக்குக் குஞ்சம் கட்டுவது, களிமண்ணில் கம்மல் ஜிமிக்கி செய்வது, பனை ஓலைக் கூடை முடைவது... இப்படி ஏதாவது ஒன்றை வீட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்து, முதலாளியும் நீங்களே, தொழிலாளியும் நீங்களே என்று நடத்தி வருகிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்காகத்தான். நீங்கள் செய்யவில்லை, வீட்டில் வேறு யாரோ செய்கிறார் என்றால், படித்து முடித்ததும் அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிடுங்கள்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மழையை நம்பித்தான் வெள்ளாமை. கரிசல் காடு. வானம் பார்த்த பூமியில் ஒரு சம்பாத்தியம் போதாது என்பதால் கைத்தொழில் தெரிந்த பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களில் பலர் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறார்கள். கழுத்து வலி, நெஞ்சு படபடப்பு, புளியேப்பம், உறக்கமின்மை என்று வருவார்கள். கையில் ஒரு ஃபைல் இருக்கும். ஈ.சி.ஜி. நார்மல், தைராய்டு நார்மல், சர்க்கரை நார்மல். "எல்லாம் நார்மல்னு சொல்றாங்கய்யா, எனக்குத்தான் நார்மலா இல்லை" என்பார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். வயது நாற்பதுக்குள். ஆரி வேலை செய்கிறவர். நாடி பார்த்துவிட்டு, சாப்பாடு, உறக்கம் எல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டேன்: "கடைசியா எப்பம்மா உன் தொழிலைப் பத்தி இன்னொருத்தர்கிட்டப் பேசின?"

"தினமும் கஸ்டமர்கிட்டப் பேசிக்கிட்டுத்தானய்யா இருக்கேன்."

"அது வியாபாரம். துணி கிழிஞ்சு போச்சு, பணம் வரலை, இந்தப் பூ சரியா விழலை... இதையெல்லாம் யாருகிட்டச் சொல்ற?"

பதில் வரவில்லை. கண்ணில் நீர்தான் வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால் "கஷ்டமா இருந்தா விட்டுரு" என்பாராம். அவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் விட்டுவிடவா ஒருத்தி தொழில் கற்றுக்கொள்கிறாள்?

முகூர்த்த மாதமும் ஆடி மாதமும்

இந்த நோய்க்குப் பருவம் உண்டு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் ஆர்டர் வந்து குவியும். ராத்திரி இரண்டு மணி வரை குனிந்த தலை நிமிராது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆர்டரும் இல்லை. அப்போது கைக்கு ஓய்வு கிடைக்கும், மனசு ஓடத் தொடங்கிவிடும். 'இனிமேல் யாருமே கூப்பிட மாட்டார்களோ?' என்று செல்போனை எடுத்து எடுத்துப் பார்ப்பது. "வேலை இருந்தா உறக்கம் இல்லை, வேலை இல்லேன்னா அதைவிட உறக்கம் இல்லை" என்று அந்தப் பெண் சொன்னதை என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். கம்பெனி வேலைக்குப் போகிறவருக்கும் மந்தமான மாதம் உண்டு. ஆனால் பக்கத்து மேஜைக்காரருக்கும் அதே மாதம்தான் மந்தம் என்று அவருக்குத் தெரியும். தனியாக இருப்பவருக்குத் தன் ஒருத்திக்கு மட்டும்தான் இப்படி என்று தோன்றிவிடுகிறது.

இது கற்பனை வியாதி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கையில், உலகத்தில் 6 பேரில் ஒருவர் தனிமை உணர்வால் அவதிப்படுவதாகவும், ஆண்டுக்குச் சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களுக்கு இதோடு தொடர்பு இருப்பதாகவும் சொல்லியிருக்கிறது. இதய நோய், பக்கவாதம், சர்க்கரை, மனச்சோர்வு எல்லாமே அந்தப் பட்டியலில் வருகின்றன.

அடக்கக் கூடாத பதினான்கு

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில், 14 வேகங்கள் என்ற பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்போம். உடம்பு தானாக வெளிப்படுத்தும் 14 உந்துதல்களை அடக்கக் கூடாது என்பது சித்த மருத்துவ விதி. அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு.

வீட்டில் தனியாகத் தொழில் செய்கிறவர் இதில் எத்தனையை அடக்குகிறார், எண்ணிப் பாருங்கள். "இந்த ஒரு கொடியை முடிச்சுட்டு எந்திரிக்கலாம்" என்று சிறுநீரை அடக்குகிறார். எழுந்திருக்க வேண்டி வருமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. அது தாகத்தை அடக்குவது. மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. தூக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆறாவதாகவோ ஏழாவதாகவோ யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று இருக்கிறது. கண்ணீர்!

கண்ணீரை அடக்கினால் பீனிசமும் கண் நோயும் நெஞ்சு நோயும் வரும் என்பது நம் வைத்திய மரபு. இன்றைய ஆய்வுக்கூடம் அதை வார்த்தைக்கு வார்த்தை ஒப்புக்கொள்ளும் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அழுகையைப் பசி, தூக்கத்தோடு ஒரே வரிசையில் வைத்தார்களே, அதைக் கவனியுங்கள். அழுகை பலவீனம் இல்லை. உடம்பின் ஒரு தேவை. பசிக்குச் சோறு வேண்டும் என்பதுபோல், அழுகைக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும்.

கஞ்சி போட்ட தெரு

அருப்புக்கோட்டை நெசவாளர் ஊர். பெரியவர்கள் யாராவது இருந்தால் தெருவில் பாவு நீட்டிய கதையைக் கேட்டுப் பாருங்கள். மில்லிலேயே கஞ்சி போட்ட பாவு வரத் தொடங்குவதற்கு முன்னால், விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் கஞ்சி பூசி, பெரிய பிரஷ்ஷால் இழை ஒட்டாமல் நீவி, அறுந்த இழைகளை முடிந்து, சுருட்டியாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி முறுகி இழை ஒடியும். இதை ஒற்றை ஆளாகச் செய்யவே முடியாது. இந்த முனையில் ஆள், அந்த முனையில் ஆள், இரண்டு பக்கமும் நீவ ஆள். இன்றைக்கு உன் பாவு, நாளைக்கு என் பாவு. முதல் நாள் சண்டை போட்டுக்கொண்டவன்கூட மறுநாள் காலை பாவு பிடிக்க வந்துதான் ஆக வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் பேசாத பேச்சு இருக்காது. நூல் விலை என்ன, எந்த வியாபாரி கூலியை இழுத்தடிக்கிறான், எந்தச் சாயம் வெளுக்கிறது, யார் வீட்டில் உடம்புக்கு முடியவில்லை... எல்லாம் பாவோடு சேர்ந்து தெருவில் நீளும்.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்லிவிட மாட்டேன். குழித்தறியில் கால் மரத்துப்போனவர்கள், பஞ்சுத் தூசியில் இருமியவர்கள், கடனில் மூழ்கியவர்கள் ஏராளம். ஆனால் தறியில் தனியாக உட்கார்ந்தவரைத் தெருவுக்கு இழுத்துவர அந்தத் தொழிலுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு இருந்தது. ஆரிக் கட்டைக்கும் தையல் மிஷினுக்கும் அந்த ஏற்பாடு இல்லை. நாமாகத்தான் செய்துகொள்ள வேண்டும்.

முதலாளி இல்லாத சங்கம்

செய்ய முடியுமா? குஜராத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1972ல் அகமதாபாத்தில் இலா பட் என்ற வழக்கறிஞர், காய்கறி விற்கிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், வீட்டில் உட்கார்ந்து தைக்கிறவர்கள் என்று சுயமாகப் பிழைக்கும் பெண்களைச் சேர்த்து 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யப் போனார். முதலாளி யார் என்றே தெரியாமல் என்ன சங்கம், யாரை எதிர்த்துப் போராடப் போகிறீர்கள் என்று அதிகாரிகள் தயங்கினார்கள். யாரையும் எதிர்ப்பதற்காக அல்ல, தங்களுக்குள் ஒன்று சேர்வதற்காகத்தான் சங்கம் என்று வாதாடிப் பதிவு வாங்கினார்கள். 1974ல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டுச் சொந்தமாக ஒரு வங்கியே ஆரம்பித்துவிட்டார்கள்! இலா பட் 2022ல் காலமானார். வங்கி இன்றும் நடக்கிறது.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் 2019 நிலவரப்படி உலகத்தில் சுமார் 26 கோடிப் பேர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்குச் சொல்கிறது. பாதிக்கு மேல் பெண்கள். நீங்கள் ஒருத்தி மட்டும் இல்லை, அம்மா!

நம் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறதே என்பீர்கள். 1989ல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. நல்ல விஷயம்தான். ஆனால் பல குழுக்களில் சேமிப்பு, தவணை, கையெழுத்து முடிந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார முடியுமா பாருங்கள். கூடம் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். பேச்சு மட்டும்தான் பாக்கி.

"டிசைனைத் திருடிட்டா?"

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. நியாயமான பயம். நான் சொல்லி மூன்று பேர் சேர்ந்தார்கள். அந்த ஆரிப் பெண், குஞ்சம் கட்டும் ஒருவர், திருச்சுழிப் பக்கமிருந்து ஓலைக் கூடை முடையும் ஒரு அம்மா. நாலாவதாக இன்னொரு ஆரிக்காரர் வந்தார். இரண்டே மாதத்தில் ஒரு மயில் டிசைனால் மனஸ்தாபம் வந்து அவர் நின்றுவிட்டார். இப்படியும் நடக்கும். அதனால் ஆரம்பத்தில் ஒரே தொழில்காரர்களாகச் சேராமல், ஒட்டிய தொழில்காரர்களாகச் சேருவது நல்லது. பிளவுஸ் தைப்பவர், ஆரி போடுபவர், குஞ்சம் கட்டுபவர் என்று சேர்ந்தால் ஒருவர் வாடிக்கையாளர் மற்றவருக்கும் வருவார்.

அந்த மூன்று பேர் முதலில் செய்தது என்ன தெரியுமா? கணக்கு! ஆரிப் பெண் ஒரு பிளவுஸுக்கு 1,800 ரூபாய் வாங்கியிருந்தார். மணி, நூல், கல் எல்லாம் 500. மீதி 1,300. எத்தனை மணி நேரம் ஆனது என்று கூடைக்கார அம்மா கேட்க, விரல் விட்டு எண்ணினால் 26 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய்! "ஏம்மா, கண்ணை அடமானம் வச்சு இப்படியா கொடுக்கிறது?" என்று அந்த அம்மா போட்ட அதட்டல், நான் கொடுத்த சூரணத்தைவிட வேகமாக வேலை செய்தது. அடுத்த ஆர்டருக்கு 2,500 கேட்டிருக்கிறார். ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார், மூன்று பேர் கொடுத்தார்கள். படபடப்பு குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை. உறக்கம் ஐந்து மணி நேரத்துக்கு வந்திருக்கிறது.

"எனக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும்" என்பவர்களும் உண்டு. தாராளமாக இருங்கள். நம் திருச்சுழியில் 1879ல் பிறந்த ரமண மகரிஷியைவிடத் தனிமையை நாடியவர் யார்? அவரும் ஆசிரமத்தில் விடியற்காலையில் மற்றவர்களோடு உட்கார்ந்து காய்கறி நறுக்கியவர்தான். விரும்பி ஏற்கும் தனிமை வேறு, வேறு வழியில்லாமல் ஒதுங்கிப்போவது வேறு.

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'முடிஞ்சா பார்ப்போம்' என்றால் நடக்காது. பாவுக்கு வெயில் காத்திருக்காத மாதிரி இதற்கும் ஒரு கெடு வேண்டும். கைவேலையைக் கொண்டுபோங்கள், கை ஓடினால் வாய் தானாக ஓடும். கிராமம் தூரம் என்றால் ஒருவருக்கொருவர் போனில் பேசுங்கள். செல்போன் குரூப்பில் படம் போட்டு லைக் வாங்குவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆடி மாதம் வேலை இல்லாதபோதுதான் இந்தச் சந்திப்பைக் கட்டாயம் விடக் கூடாது. மொத்தமாக மணி, நூல் வாங்க மதுரைக்குச் சேர்ந்து போய்வர அதுதான் தோதான மாதம்.

உடம்புக்கும் சொல்லிவிடுகிறேன். முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடித்து, தூரத்தில் இருக்கிற ஒரு வேப்ப மரத்தையாவது பார்த்துவிட்டு உட்காருங்கள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. வாரம் ஒரு நாள் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஊசி எடுக்காதீர்கள். அசதியும் மூச்சு வாங்கலும் இருந்தால் ரத்தசோகைக்கு ஒரு பரிசோதனை அவசியம். தூக்கத்துக்கு நல்லது என்று விளம்பரம் பார்த்து அமுக்கராச் சூரணத்தை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து மனசு இருட்டாகவே இருந்தால், பிடித்த வேலையைப் பார்த்தால்கூட வெறுப்பு வந்தால், செத்துவிடலாமா என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தால்கூட, கூட்டம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.