படம் சிதறினால் டி.வி.யை மாற்ற வேண்டுமா?

தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரம். எங்கள் திருப்பூர் வீட்டு டி.வி.யில் முகமெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறியது. "பழைய செட்டுங்க, புதுசா வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்த பணம் அது!

கேபிள்காரத் தம்பி வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். "சிக்னல் குறைச்சல் இல்லீங்க அக்கா, ஜாஸ்தி! பூஸ்டருக்குப் பக்கத்து வீடுங்க உங்களுது" என்றார்.

குழம்பில் உப்பு மாதிரிதான். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். ஆன்டெனா காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி மழை. மிகவும் கூடினால் படம் வளையும். டிஜிட்டலில் இரண்டுக்கும் கட்டம்தான். அதனால்தான் குழப்பம்.

10 டெசிபல் அட்டென்யுவேட்டர் ஒன்றைச் செருகினார். சிக்னலின் வலு பத்தில் ஒரு பங்காயிற்று, படம் பளிச்!

சகோதரிகளே, படம் கெட்டால் முதலில் கேபிள் முனையை இறுக்கிப் பாருங்கள். ஒரே ஒயரை இரண்டு டி.வி.க்குப் பிரித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் பாதி வலுகூடக் கிடைக்காது. அப்புறம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்மூடியை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். பழைய பிக்சர் ட்யூப் செட் என்றால் சுவிட்சை அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும்.

போனஸ் பணம் பள்ளிக்கே போயிற்று!