அதிமதுரமும் வயிற்றுப்புண்ணும்



எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தகப்பனார் வயிற்றெரிச்சலுக்கு மாதக்கணக்கில் அதிமதுரக் கஷாயம் குடித்து வந்தார். எரிச்சல் தணிந்தது. மலம் தார்போல் கறுத்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் பால் வெட்டும்போது மயங்கி விழுந்தார். உள்ளே புண்ணிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பிழைத்துக்கொண்டார்.

அப்படியானால் அதிமதுரம் பொய்யா? இல்லை. ஹாலந்து நாட்டில் ரெவர்ஸ் என்ற டாக்டர், ஒரு மருந்துக்கடைக்காரர் விற்ற மருந்தால் வயிற்றுப்புண்காரர்கள் தேறுவதைக் கவனித்தார். அதில் இருந்தது அதிமதுரச் சாறுதான். 1946-ல் அவர் அதைப்பற்றி எழுதினார். புண் ஆறுகிறது என்றார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முகமும் கைகால்களும் வீங்குகின்றன என்றும் கண்டார். வேரின் இனிப்புச் சத்தாகிய கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்குகிறது. இரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது. நல்லதைச் சொன்னவர் கெட்டதையும் மறைக்கவில்லையே, அதற்காகவே அவரை மெச்சலாம்.

பிறகு இங்கிலாந்தில் இந்தச் சத்திலிருந்து கார்பெனாக்சலோன் என்ற மருந்தைச் செய்தார்கள். 1962-ல் ரிச்சர்ட் டால் குழுவினர் நோயாளிகளில் ஒரு சாராருக்கு அந்த மருந்தையும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை எதற்கு என்கிறீர்களா? வயிற்றுப்புண் சில சமயம் தானாகவே ஆறிவிடும். அந்த வாரம் நாம் எதைக் குடித்தோமோ அதற்குப் பெயர் போய்விடும்! இரு சாராரையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். மருந்து சாப்பிட்டவர்களுக்கு இரைப்பைப் புண் விரைவாக ஆறியது. ஆனால் வீக்கத் தொல்லை இதிலும் வந்தது. கிளிசிரைசினை நீக்கிய அதிமதுரத்தையும் சோதித்தார்கள்; 1978-ல் வெளியான ஒரு சோதனையில் அது வெற்று மாத்திரையைவிட மேலானதாக இல்லை.

1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும், இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான புண்களுக்கு அதுவே காரணம். வலி மாத்திரைகளை ஓயாமல் விழுங்குவது மற்றொரு காரணம். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த பங்சாருக்கு அருகே, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1990-களில் வயிற்று நோயாளிகளைச் சோதித்தபோது, மலாய்க்காரர்களைவிட இந்தியரிடமும் சீனரிடமும் இக்கிருமி அதிகமாகக் காணப்பட்டது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளை ஒன்று அல்லது இரண்டு வாரம் கொடுத்து அதை ஒழிக்கிறார்கள்.

கஷாயம் குடிப்பவர்கள் டாக்டரிடம் அதை மறைக்காதீர்கள். இரத்தக் கொதிப்புக்காரரும் கர்ப்பிணிகளும் அதிமதுரத்தைத் தொடவேண்டாம். மலம் கறுத்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.