காஸ் ஹீற்றர் சுவர்: அழகுபடுத்த முன் கவனியுங்கள்

மே மாதம் பிறந்தாலே மெல்பேர்னில் குளிர் தலைகாட்டிவிடும். சிட்னிக்கும் அது வந்து சேர அதிக நாள் எடுக்காது. நம்மவர்கள் பலர் வாங்கியிருப்பது பழைய வீடுகள். வரவேற்பறையில் ஒரு பழைய சுவரும் அதன் நடுவே ஒரு காஸ் ஹீற்றரும் இருக்கும். அந்தச் சுவருக்கு ரைல்ஸ் ஒட்டி, மேலே ஒரு மரத்தட்டு வைத்து, அதற்கு மேல் ரீவியை மாட்டினால் வீடே புதிதாகிவிடும் என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் மற்றச் சுவர்களில் கைவைப்பது போல் இந்தச் சுவரில் கைவைக்க முடியாது. நெருப்பு, தூசு, நச்சுவாயு என்ற மூன்று ஆபத்துகள் இங்கே உண்டு.

மறைந்திருக்கும் மரம்

ரைல்ஸ் எரியாது என்பது உண்மைதான். ஆனால் ரைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டம் எரியும். வெப்பம் ரைல்ஸையும் சீமெந்துப் பலகையையும் ஊடுருவி மரத்தைச் சென்றடைகிறது. வருடக்கணக்காகச் சூடேறிய மரம் மெல்லக் கருகி, முன்னரைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். சாதாரண பிளாஸ்ரர் பலகையின் மேலுள்ள கடதாசியும் எரியக்கூடியதே.

ஆகவே மரத்தட்டு, ரீவி, திரைச்சீலை ஆகியவை ஹீற்றரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும் என்பதைக் கண்மதிப்பில் முடிவுசெய்யாதீர்கள். ஒவ்வொரு ஹீற்றருக்கும் அந்த அளவு வேறு. தயாரித்த நிறுவனத்தின் கைநூலில் அது மில்லிமீற்றர் கணக்கில் தரப்பட்டிருக்கும். அந்தத் தட்டில் சுவாமிப் படமும் பட்டுத்துணியும் பிளாஸ்ரிக் பூமாலையும் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். ஹீற்றரின் காற்றுத் துவாரங்களை ரைல்ஸாலோ பலகையாலோ ஒருபோதும் மூடக்கூடாது.

பழைய வீட்டின் தூசு

ஊரில் அஸ்பெஸ்ரஸ் கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் நம்மில் பலர். அதனாலேயே அதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. அவுஸ்திரேலியாவில் அஸ்பெஸ்ரஸ் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2003 டிசெம்பர் 31ஆம் திகதிதான். 1990க்கு முன் கட்டிய வீடுகளில் அது இருக்க வாய்ப்பு அதிகம். வெப்பத்தைத் தாங்கும் என்பதால், நெருப்பிடங்களையும் ஹீற்றர்களையும் சுற்றி இதை விரும்பிப் பயன்படுத்தினார்கள்.

அசையாமல் கிடக்கும் நல்ல நிலையிலுள்ள தகட்டால் உடனடி ஆபத்து குறைவு. துளைத்தால், வெட்டினால், உரஞ்சினால் நுண்ணிய நார்கள் காற்றில் கலக்கும். அவை நுரையீரலைச் சுற்றிய சவ்வில் உண்டாக்கும் மீசோதிலியோமா என்ற புற்றுநோய் பல பத்து வருடங்கள் கழித்தே வெளிப்படும். சந்தேகம் இருந்தால் வேலையை நிறுத்துங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் சோதித்து அறிந்தபின் தொடருங்கள். புதிய சீமெந்துப் பலகையை வெட்டும்போதும் சிலிக்கா தூசு பறக்கும். அது அஸ்பெஸ்ரஸ் அல்ல என்றாலும் நுரையீரலுக்குக் கேடானதே.

மணமற்ற நச்சு

காஸ் சரியாக எரியாதபோது காபன் மொனொக்சைட் உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைவதால் உடலுக்கு ஒட்சிசன் கிடைக்காமல் போகிறது.

2010 மே மாதத்தில் விக்ரோறியாவின் மூரூப்னாவில், வாடகை வீடொன்றின் காஸ் ஹீற்றரிலிருந்து வந்த இந்த வாயு எட்டும் ஆறும் வயதான இரு சகோதரர்களைத் தூக்கத்திலேயே பலிகொண்டது. உயிர்தப்பிய தாயார், பிள்ளைகளின் பெயரில் சேஸ் அன்ட் ரைலர் அறக்கட்டளையைத் தொடக்கி விழிப்புணர்வுப் பணியில் இறங்கினார். 2017இல் மெல்பேர்னின் கிறீன்ஸ்பரோவிலும் ஹீற்றரால் ஒரு பெண்மணி இறந்தார்.

நமது சமையலறைக்கும் இதில் பங்குண்டு. அறையின் காற்றை எடுத்து எரிந்து, புகையைக் குழாய்வழி வெளியேற்றும் பழையவகை ஹீற்றர்கள் பல வீடுகளில் உள்ளன. குளிருக்காகக் கதவு, யன்னல் இடுக்குகளை எல்லாம் அடைத்துவிட்டு, மீன்பொரியல் மணம் போகட்டும் என்று சமையலறை விசிறியை மணிக்கணக்கில் ஓடவிட்டால், அது வீட்டுக் காற்றை இழுத்து வெளியே தள்ளும். வெளிக்காற்று வர வேறு வழி இல்லாதபோது, புகைக்குழாயால் போகவேண்டிய நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பி வரலாம். குளியலறை விசிறியும் இதையே செய்யும்.

ஹீற்றரைச் சுற்றிச் சுவரில் கறுப்போ மண்ணிறமோ படிந்தால் பெயின்ற் அடித்து மறைக்காதீர்கள். கோளாறு இருக்கிறது என்று சுவர் உங்களுக்குச் சொல்லும் செய்தி அது. ஹீற்றரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், அசதி ஆகியவை அறிகுறிகள். தடிமன் காய்ச்சல் என்று எண்ணத் தோன்றும். ஆனால் காய்ச்சல் இராது. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரேநேரத்தில் வரும், வெளியே போனால் குறையும். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து பகல் முழுவதும் ஹீற்றர் அருகே இருக்கும் அப்பா அம்மா, கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம்.

செய்யவேண்டியவை

• காஸ் இணைப்பையும் ஹீற்றரையும் உரிமம் பெற்ற காஸ் பிளம்பர் மட்டுமே தொடவேண்டும். தெரிந்தவர் மலிவாகச் செய்து தருவார் என்று விடாதீர்கள். வேலை முடிந்ததும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

• இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது சேர்விஸ் செய்யுங்கள். காபன் மொனொக்சைட் கசிவையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

• விக்ரோறியாவில் 2021 மார்ச் 29 முதல் செய்த வாடகை ஒப்பந்தங்களில் இந்தச் சோதனை வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. வாடகைக்கு இருப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள்.

• புகை அலாரம் இந்த வாயுவை உணராது. தனியாக காபன் மொனொக்சைட் அலாரம் வாங்குங்கள். அது சேர்விஸுக்குப் பதிலாகாது.

• அறிகுறி தென்பட்டால் எல்லோரும் உடனே வெளியேறி 000 இலக்கத்தை அழையுங்கள். நஞ்சு பற்றிய ஆலோசனைக்கு 13 11 26.

புதிய சுவருக்குச் செலவழிக்க எடுத்துவைத்த பணத்தில் முதற்பங்கை ஹீற்றர் சோதனைக்கு ஒதுக்குங்கள். ரைல்ஸின் நிறத்தைப் பிறகு ஆறுதலாகத் தெரிவுசெய்யலாம்.